இசைக் கருவிகளை இணைக்கும் கம்பி



இசைத்தட்டுக் கருவி ஒன்றையும் ஒலிபெருக்கி ஒன்றையும் வாங்கி அருகருகே வைத்துவிட்டால் மட்டும் பாட்டுக் கேட்டுவிடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒலியை மின்வடிவில் ஏந்திச் செல்ல இரண்டு முழக் கம்பி வேண்டும். கடையில் கேட்டால் அக்கம்பி நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல்லாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. விலையில் இத்துணை வேற்றுமை இருப்பின் ஒலியிலும் இருந்தே தீர வேண்டும் என்று எண்ணி, புத்தகம் வாங்க வைத்திருந்த பணத்தை அதில் போட்டுவிட நினைப்பவர் உங்களுள்ளும் இருக்கலாம். அப்பணத்தைக் காத்துக்கொள்ளச் சிறிது பௌதிகமும் சிறிது கைப்பழக்கமும் போதும்.

இக்கம்பியின் அமைப்பு மிகப் பழையது. நடுவில் ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத பொருள். அதன்மேல் வலையாகப் பின்னிய உலோக உறை. ஆலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கில அறிஞர் 1880ஆம் ஆண்டிலேயே இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். மேலே உள்ள வலை, மின்னோட்டம் திரும்பும் வழியாகவும், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கும் வேலியாகவும் நிற்கிறது.

அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியின் மின்தடை, மீட்டருக்கு ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது போய்ச் சேரும் ஒலிபெருக்கியின் வாயிலில் உள்ள தடையோ, வழக்கமாக 10,000 ஓம் அல்லது அதற்கும் மேல். இவ்விரண்டையும் ஒப்பிட்டால் கம்பியின் தடை எம்மாத்திரம்! வெள்ளி, செம்பைவிட ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பது உண்மையே. ஆனால் இல்லாத நட்டத்தில் ஆறு பங்கைக் குறைத்து ஆவதென்ன?

கருத வேண்டியது வேறொன்று. நடுக்கம்பியும் வலையும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகவும் அமைந்துவிடுகின்றன. அதன் அளவு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று கொள்வோம்; ஒன்றரை மீட்டருக்கு 150. அனுப்பும் கருவியின் வெளிவாயில் தடை 1,000 ஓம் ஆயின், உயர்ந்த சுருதிகள் தேயும் எல்லை விநாடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகளுக்கு அப்பால் போய் நிற்கும். மனிதச் செவி கேட்பதோ 20,000 வரையில்தான். அதே கம்பி 10 மீட்டராக நீண்டு, வெளிவாயில் தடையும் 10,000 ஓம் ஆகுமானால், எல்லை 16,000க்கு இறங்கிவிடும். ஜாலராவின் ஓசை சற்று மங்கும். ஆகவே தரமான கம்பி என்பது பெரும்பாலும் குட்டையான கம்பியே! இசைத்தட்டின் முள்ளிலிருந்து நேரே வரும் கம்பிக்கு மட்டும் இன்னும் சிறிது கவனம் வேண்டும். முள்ளைச் செய்தவர்கள் குறித்துள்ள மின்தேக்க அளவை அது மீறலாகாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். சென்னை ரிச்சித் தெரு போன்ற இடங்களில், ஆர்.ஜி. 59 என்னும் கேபிளில் செப்பு வலை உடையதையே கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும் கேபிளில் வலை அலுமினியமாக இருப்பது வழக்கம்; அதில் ஈயம் ஒட்டாது. உலோக உறையுள்ள ஆர்.சி.ஏ. பிளக்குகள் நான்கு வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

கேபிளை நறுக்கியதும், பிளக்கின் உறையை முதலில் அதில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பின் அது உள்ளே ஏறாது. ரோஜனம் பொதிந்த ஈயக் கம்பியையே பயன்படுத்துக. அமிலம் கலந்த பசை செம்பை அரித்துவிடும். அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த பற்று 190 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். கம்பியைச் சுற்றியுள்ள பாலிதீனோ அதற்கும் முன்னரே இளகிவிடும். எனவே கோலை நன்றாகச் சூடேற்றி, இரண்டு மூன்று விநாடிக்குள் வேலையை முடிக்க வேண்டும். பிளக்கை ஒரு பழைய சாக்கெட்டில் செருகிக்கொண்டு பற்றவைத்தால் நடு ஊசி சாயாது. வலையின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடலாகாது. பளபளவென்று படிந்த பற்றே நல்ல பற்று. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக, காரீயம் நஞ்சு.

பிறகு மல்ட்டிமீட்டரால் சோதியுங்கள். ஊசிக்கும் ஊசிக்கும், உறைக்கும் உறைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஊசிக்கும் உறைக்கும் இருக்கலாகாது. கம்பியை அசைத்துக்கொண்டே பார்ப்பது நலம். சிவப்பு வலப்புறத்துக்கு, வெள்ளை இடப்புறத்துக்கு. இணைத்த பின்னும் 50 அதிர்வு மின்சாரத்தின் ரீங்காரம் கேட்டால், இரு கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இயக்கிப் பாருங்கள். ரீங்காரத்துக்கு அஞ்சி, மின்சாரச் செருகியின் நிலத்தொடுப்பை ஒருபோதும் துண்டிக்காதீர்கள். அது உயிர் காக்கும் கம்பி.

விலையுயர்ந்த கம்பியை நண்பர் எவரேனும் வைத்திருந்தால், இரவல் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் எது பூட்டப்பட்டிருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியக்கூடாது. ஒருவர் திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி அதன்படி மாற்றட்டும். மற்றவர் கேட்டு, எது என்று எழுதட்டும். இவ்வாறு பத்து முறை. வெறும் ஊகத்தாலேயே பத்தும் சரியாக அமைவதற்கு 1,024இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஐந்தோ ஆறோ மட்டும் சரியாயிருந்தால், நாணயத்தைச் சுண்டியவரே பதிலையும் சுண்டிப் போட்டு எழுதியிருக்கலாம்.