ஊர்க் கழிவுநீரும் நம் உரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் சாக்கடையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பல ஊர்களில் மேட்டுத் தெருக்களின் கழிவுநீர் வந்து தேங்குமிடம் நம் குடியிருப்பே. நமக்குப் பள்ளநிலத்தை ஒதுக்கிய சமுதாயம், அந்தக் கழிவை அள்ளும் வேலையையும் நம் பிறப்போடு பிணைத்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். நன்னீரில் நமக்குள்ள உரிமையை அச்செயல் உலகறியச் செய்தது. கழிவுநீர் நம் வாயிலில் தேங்காதிருப்பதும் அவ்வுரிமையின் மறுபாதியே ஆகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்தது. வீட்டிற்கு ஐவராக 100 வீடுகளுக்கு 27,500 லிட்டர். இதில் ஏறத்தாழ 80 விழுக்காடு, அஃதாவது 22,000 லிட்டர், நாள்தோறும் கழிவாக வெளியேறும். குழாய் வந்தது, வடிகால் எங்கே?

இதற்குப் பெருநகர ஆலைகள் தேவையில்லை. குளியல், சமையல் நீரை வீட்டளவிலே உறிஞ்சு குழியில் விடலாம். தெருவளவில் சேரும் நீரை முதலில் தொட்டியில் தெளியவிட்டு, பின்னர்க் கல்வாழையும் நாணலும் வளர்ந்த சரளைப் படுகையின் வழியே மெல்லச் செலுத்தலாம். சரளையிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு சிதைக்கும். வெளிவரும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் பாயும்.

மலக்கழிவுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை ஏற்றது. ஒரு குழி நிரம்பியதும் மறு குழிக்கு மாற்றி, நிரம்பியதை இரண்டாண்டு மூடி வைத்தால் அது நாற்றமற்ற எருவாகும். மலத்தை மனிதன் அள்ளும் தேவையே எழாது. கிணற்றுக்கு அருகில் மட்டும் குழி தோண்டலாகாது.

மூடிய மலத்தொட்டியோ உயிர்க்கொல்லி. அதனுள் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கடிக்கும்; நாற்றமில்லை என்று இறங்கியவன் மீள்வதில்லை. காக்க இறங்கியவனும் மடிகிறான். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் என 2014-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் இழப்பீடு எந்தத் தாய்க்கும் மகனைத் திருப்பித் தாராது. ஆகவே, எவ்வளவு கூலி தந்தாலும் நம் பிள்ளைகள் எவரும் தொட்டிக்குள் இறங்கலாகாது. அது இயந்திரத்தின் வேலை.

இளைஞர்களே! கிராம சபை கூடும் நாளில் வெறுங்கையோடு செல்லாதீர்கள். ஊரின் மேடுபள்ளத்தை அளந்து, நீர் ஓடும் திசையைக் குறித்த வரைபடத்தோடு செல்லுங்கள். பொறியியல் பயின்ற நம் பிள்ளைகள் அதனை வரைந்து தரட்டும். இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். சுத்திகரிப்புக் குட்டை எங்கே அமையும்? அதனைப் பேணுவோர் யார்? நம் குடியிருப்பின் ஓரமே இடம் என்றும், நம் கைகளே ஆள் என்றும் விடை வருமாயின், அது பழைய சேரி வழக்கத்தின் புதிய வடிவமே. பயிற்சியும் முறையான ஊதியமும் உள்ள பணியாக எல்லாத் தெருவினரும் அதனை ஏற்கட்டும் என்று தீர்மானம் கேளுங்கள்; அதனை எழுத்தில் பெறுங்கள்.

நாம் பெற்ற கல்வி நம் தெருவின் நீரைத் தெளிவிக்கட்டும்.