பள்ளிக்கூடத்துச் சோறு
(ஆனைக்குட்டம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் புராணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது வீண் செலவென்றும், பிச்சைக்காரப் புத்தியை வளர்ப்பதென்றும் சில பெரிய மனிதர்கள் சொல்லுகின்றார்கள். வீட்டில் உண்டு வந்தவனுக்குத் திருவிழாவில் அன்னதானம் போட்டால் அது புண்ணியமாம். பசித்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டால் வீண் செலவாம்! இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

நாம் அதிகம் படித்தவர்களல்ல. ஆனாலும் ஒன்று தெரியும். ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாததற்குத் தலையெழுத்து, பூர்வ ஜன்ம பலன், ஜாதிக் குணம் என்றெல்லாம் காரணம் கற்பித்தார்களே தவிர, அதன் வயிற்றை ஒருவரும் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்துச் சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. விடியுமுன்னே கம்பெனி வண்டி வந்து, தூங்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தீப்பெட்டி வேலைக்குப் போன காலம் இருந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைக்கக் கூடாதென்று 1986-ல் சட்டம் வந்தது. சரி, ஆனால் சட்டம் சோறு போடுமா? பெட்டி ஒட்டினால் நாலு காசு, பள்ளிக்கூடம் போனால் பட்டினி என்றிருந்தால் எந்தத் தாய்தான் அனுப்புவாள்?

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஜஸ்டிஸ் கட்சியார். 1920-ல் சென்னை நகரசபைத் தலைவர் தியாகராய செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பகலுணவு ஆரம்பித்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் கல்விப் பணத்தில் சோறு போடக் கூடாதென்று தடுத்ததால் 1925-ல் அது நின்றது. கல்வி வேறு, சோறு வேறு என்று எண்ணினார்கள் போலும்! பிறகு, நம் விருதுநகரிலே பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை விட்டுக் கடைக்குப் போன காமராஜர், முதல் மந்திரியாகி 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் மதுரையில் காலைச் சிற்றுண்டியும் ஆரம்பமாகி, அடுத்த வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது.

பலன் என்ன என்பீர்கள். இந்தியாவெங்கும் கிராமத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்த பரீட்சைகளை வைத்து இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் பள்ளியில் உண்ணும் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகள், ஒரு வருஷத்துக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதம் முன்னே நின்றார்களாம். தலையெழுத்து சாம்பாரில் கரைந்துவிட்டது பார்த்தீர்களா!

ஆனால் தோழர்களே, வெட்கக்கேடான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போட்டதற்காக 1925-ல் நாடே கொதித்தது. 2023-ல் என்ன நடந்தது? அதே எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில் (மதுரைப் பக்கத்து உசிலம்பட்டியல்ல), சமைத்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மாள் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லையென்று பத்திரிகைகளில் வந்தது. மந்திரியும் பார்லிமெண்டு அங்கத்தினரும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. அன்று பார்ப்பனன் நம்மோடு உண்ண மறுத்ததற்குக் கோபித்த நாம், இன்று அந்த அம்மாள் கை உப்புமாவை நம் பிள்ளை உண்ணக் கூடாதென்றால், நமக்குச் சுயமரியாதை என்ற வார்த்தையைச் சொல்ல யோக்கியதை உண்டா?

ஆகையால் பெரியோர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றோம். வருகிற திங்கட்கிழமை காலை, தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, உங்கள் பிள்ளைகளின் பந்தியில் நீங்களும் போய் உட்காருங்கள். சமைத்த அம்மாளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உப்பு குறைந்தால் சொல்லுங்கள். பருப்பு குறைந்தால் சண்டைக்கே போங்கள். கூட வரச் சம்மதமுள்ளவர்கள் இப்போதே கை தூக்கலாம்.