அம்புலன்ஸ் புறப்பட்ட பிறகு

கண்டியில் முதியோர் இல்லமொன்றில் இருப்பவருக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறினால், 1990ஐ அழைக்கலாம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும். பிள்ளைகளுக்கு யார் சொல்வது? நமது நாட்டில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் சட்டப் புத்தகம் தொலைபேசி எடுக்காது. அமெரிக்காவில் அரச காப்புறுதிப் பணம் பெறும் பராமரிப்பு நிலையங்கள், ஒருவரை வேறிடத்துக்கு மாற்ற முடிவெடுத்தால் அவருடைய பிரதிநிதிக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. இது வெறும் மரியாதைக்காக அல்ல. எந்த மருந்து ஒவ்வாது, முன்பு என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்பதை நினைவு தடுமாறும் முதியவரால் சொல்ல முடியாது. தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவுக்கும் சிங்களத்தில் இயங்கும் வார்டுக்கும் நடுவில் பேச ஒருவர் வேண்டும்.

அவசரத்தில் நேரமேது என்பார்கள். நோயாளியை ஏற்றியனுப்பிய பிறகு அழைக்கலாமே! மகன் கனடாவில் என்றால் வட்ஸ்அப் இருக்கிறது. வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம் என்று முதியவரே விரும்பினால் அது அவர் உரிமை. சேரும் நாளிலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பெற்றோரை இல்லத்தில் சேர்த்திருப்பவர்களே, அங்குள்ள பதிவேட்டில் உங்கள் இப்போதைய இலக்கம்தான் இருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.