எலியாவுக்குக் கிடைத்த அப்பம்



கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேரைத் தனியாளாக எதிர்த்து நின்றவர் எலியா. அவரே அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாக வேண்டும் என்று மன்றாடியதை 1 அரசர்கள் நூல் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

ஆண்டவரின் தூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மறுபடி எழுப்பி உண்ணச் சொன்னார். கேள்வி பிறகுதான் வந்தது, ஓரேபு மலையில். அங்கே எலியா ஒரே புலம்பலை இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஆண்டவர் கேட்டுக்கொண்டார். பின்பு எலிசாவை அவருக்குத் துணையாகக் காட்டினார்.

நம் வீடுகளுக்கு வருவோம். திமிரி, ஆற்காடு, ஆம்பூர் பக்கங்களில் விடியுமுன் சமைத்துவைத்துவிட்டு ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க ஓடும் தாய்மார் எத்தனை பேர்! பிள்ளையாவது படித்து முன்னேறட்டும் என்றுதான் அந்த உழைப்பு. ஆனால் களைத்து வீடு திரும்பியதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மார்க்?" அடுத்தது, "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?"

மாணவரின் மன அழுத்தத்தைக் குறைக்க, பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. நம் வீட்டில் நிறுத்தினோமா?

மனம் பாரமாக இருக்கிறது என்று சொல்லச் சிறு பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்பான். சோறு வேண்டாம் என்பாள். காரணமின்றி எரிந்து விழுவார்கள்; தூக்கத்தில் அலறுவார்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் குறையில்லை என்றால் நடிக்கிறான் என்று அடிக்காதீர்கள்.

முதலில் சோறு, பிறகு உறக்கம், அதன்பின் கேள்வி. பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். தேர்வில் தவறினால், அதே ஆண்டில் துணைத்தேர்வு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

"செத்துப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணையோ 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையோ அழையுங்கள், கட்டணம் இல்லை. அப்படி உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. எலியாவுக்கும் ஆண்டவர் ஒரு துணையைத் தந்தார்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, மார்க்கைப் பற்றிப் பேசாமல், "இன்றைக்கு உனக்கு எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள்.

இறைவன் உங்கள் பிள்ளைகளைக் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.