மருந்தாகும் கட்டடம்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார் திருவள்ளுவர். நோயாளி கிடக்கும் அறையையும் இவற்றோடு சேர்த்து எண்ணல் வேண்டும் என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுந்தது.

கிரிமியப் போரிற் புண்பட்டாரைப் பேணிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859-இல் மருத்துவமனைகளைப் பற்றி நூலியற்றி, காற்றும் ஒளியும் நோயாளிக்கு இன்றியமையாதன என வற்புறுத்தினார். அத்தகைய கருத்துக்களை அளந்து மெய்ப்பிப்பதே சான்றுவழிக் கட்டட அமைப்பு என்னும் இக்காலத் துறை.

அத்துறைக்கு வழிகாட்டிய ரோஜர் உல்ரிச் என்பார் கட்டடக் கலைஞரும் அல்லர், மருத்துவரும் அல்லர், புவியியல் கற்றவர். அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டாருடைய பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். அங்கே சில அறைகளின் சாளரம் மரங்களை நோக்கியது. சிலவற்றின் சாளரம் செங்கற் சுவரை நோக்கியது. பிறவாற்றான் அவ்வறைகள் பெரிதும் ஒத்தன. பால், வயது, புகைப்பழக்கம், உடற்பருமன் முதலியவற்றால் ஒத்தாரை இவ்விருவராக இணைத்து, 46 பேரை எடுத்துக்கொண்டார். மரங்கள் தழைத்திருக்கும் மாதங்களில் தங்கியிருந்தாரையே கொண்டார். ஏடுகளிலிருந்து குறிப்பெடுத்த செவிலிக்கு, எவர் எதனை நோக்கியிருந்தார் என்பது தெரியாது.

மரங்கண்டார் அறுவைக்குப்பின் சராசரி 7.96 நாளில் இல்லம் ஏகினர், சுவர்கண்டார்க்கு 8.70 நாள் ஆயிற்று. வலி தணிக்கும் கடுமருந்தும் முன்னையோர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. இவ்வாராய்ச்சி 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

முக்கால் நாள்தானே என்பீர். வலியிற் கிடப்பாரைக் கேண்மின். அதன் நீளம் விளங்கும். எனினும், 46 பேரைக் கொண்டு உலகனைத்திற்கும் விதி செய்தல் ஆகாது. ஆதலின் மேன்மேலும் சோதித்தலே இத்துறையின் இயல்பு. கை கழுவும் தொட்டியை எங்கே அமைத்தாற் செவிலியர் மறவாது கழுவுவர்? தனியறையால் தொற்று குறையுமா? இரவின் ஓசையைத் தணிப்பது எங்ஙனம்? இவையெல்லாம் ஆராயத்தக்க வினாக்களே. உல்ரிச்சும் டெக்ஸஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

பெற்றோர்களே! நம்மவர் தம் மக்களை மருத்துவராக்கவே விழைகின்றனர். இடம் கிடையாத மாணவரோ, வாழ்வே தொலைந்ததென வாடுகின்றனர். நோயாளிக்குத் தொண்டு புரியும் வாயில் அஃதொன்றே அன்று. கணிதத்தோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நாட்டா முதலிய நுழைவுத் தேர்வில் தேறினால், ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பிற் சேரலாம். பின்னர் மருத்துவமனை அமைப்பிற் சிறப்புப் பயிற்சி பெறலாம். ஆண், பெண் இருபாலார்க்கும் ஏற்ற தொழில் இது. இத்தகைய மாணவர்க்கும் நம் சங்கம் உதவிப்பணம் வழங்குமாறு வேண்டுகின்றேன்.

அறக்கொடையாக மருத்துவ விடுதிகள் எழுப்பும் செல்வர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெயர் பொறித்த கல் வாயிலில் நிற்கட்டும். அதற்கு முன், உள்ளே படுத்திருப்பவன் கண்ணுக்கு எது தோன்றும் என்று ஒருமுறை அக்கட்டிலிற் கிடந்து பாருங்கள்.