கூக்கால் குக்கலாகலாமா?



பழனிமலைத் தொடரில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டிச் சென்றால், ஏரியும் சோலையும் சூழ்ந்த கூக்கால் என்னும் சிற்றூர் உண்டு. ஆங்கில எழுத்தில் அப்பெயரின் நெடில் குறிலாகிவிடுகிறது. அவ்வெழுத்தைக் கணிப்பொறி மீண்டும் தமிழாக்கினால் கூக்கால் குக்கலாகிவிடும். குக்கல் என்றால் நாய்! பொதினி என அகநானூறு போற்றிய மலையில், ஓர் ஊருக்கு இப்படியும் ஓர் இழிவு நேரலாம்.

இது சிறு பிழைதானே என்று புறந்தள்ளுவார் உளர். அவர் அறியவேண்டியது ஒன்று. நிலப்படம் வரைவது இன்று அரசுக்கு மட்டுமே உரிய பணியன்று. 2004-இல் இங்கிலாந்தில் தோன்றிய 'ஓப்பன்சிட்ரீட்மேப்பு' என்னும் திறவைத் தெருப்படத்தை உலகெங்குமுள்ள தொண்டர் கூடி வரைகின்றனர். யாரும் சேர்க்கலாம், யாரும் திருத்தலாம். இளைஞர் கைப்பேசியில் ஆடும் 'போக்கிமான் கோ' 2017 இறுதியில் இப்படத்திற்கு மாறிற்று. 'மைன்கிராப்ட்டு' விளையாட்டிற்குள் உலகையே உள்ள அளவில் கட்டியெழுப்ப 2020-இல் பல்லாயிரவர் கூடிய முயற்சியும் சாலைகளை இதிலிருந்தே பெற்றது. பிழையும் உடன் செல்லும் என்பதுதான் இதிலுள்ள இடர்.

ஆத்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரில், மாணவர் ஒருவர் ஒரு கட்டடத்தின் மாடி எண்ணிக்கையை 2 என்பதற்கு மாற்றாக 212 எனத் தட்டிவிட்டார். பிறர் அதைக் கண்டு திருத்தியும் விட்டனர். ஆயினும் திருத்துமுன் எடுத்த படியை வைத்தே மைக்ரோசாப்ட்டு நிறுவனத்தின் வானூர்தி விளையாட்டு உருவாகியிருந்தது. 2020-இல் அதை ஆடியவர்கள், தாழ்ந்த வீடுகளுக்கிடையே வானைக் கிழித்து நிற்கும் ஊசிபோன்ற கோபுரத்தைக் கண்டு வியந்தனர்! மாடி பெருகினால் உலகம் சிரித்துத் திருத்தும். கூக்கால் குக்கலானால் தமிழனைத் தவிர யார் கண்டறிவார்?

ஆதலின் மலையூர் தோறும் ஒரு குழு வேண்டும். நூறு பேர் வேண்டா. பொறுப்புள்ள ஐவர் போதும். பரப்பைக் கட்டங்களாகப் பகுத்துக்கொள்ளல் வேண்டும். இன்றேல் இருவர் ஒரே தெருவை வரைவர், அடுத்த தெரு வெறுமையாய்க் கிடக்கும். ஒருவர் செயற்கைக்கோட் படத்தைப் பார்த்து வீட்டையும் வழியையும் வரைக. ஒருவர் கைப்பேசியுடன் அவ்வழியே நடந்து தடம் பதிக்க. சோலை மூடிய ஒற்றையடிப் பாதை வானிலிருந்து தெரியாது, காலுக்கே தெரியும். ஒருவர் முதியோரிடம் பெயர் கேட்டு எழுதுக. வரைந்தவர் தம் கட்டத்தைத் தாமே சரிபார்த்தல் கூடாது. கொடைக்கானலா, கோடைக்கானலா என்பதைப் போன்ற எழுத்து வேறுபாடுகளைத் தொடங்குமுன்னே பேசி முடிவு செய்க. பாதி வேலைக்குப் பின் தொடங்கும் வழக்கு குழுவையே உடைத்துவிடும்.

தமிழ்ப் பற்றாளர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கொடைக்கானலில் 'டால்பின் நோசு' என்றொரு பாறைமுனை. மேசைமுன் அமர்ந்து அதற்கு 'ஓங்கில் மூக்கு' எனப் பெயர் படைத்து ஒட்டிவிடலாம், சொல்லும் தூயதே. ஆனால் அதைச் சொல்லி வழி கேட்டால் மலையில் யாரும் காட்டமாட்டார். ஊரார் வாயில் வழங்கும் பெயரே படத்தில் ஏறவேண்டும். வெள்ளையர் பேயின் அடுக்களை எனப் பொருள்பட அழைத்த குகை, 1991-இல் 'குணா' படம் வந்தபின் குணா குகையாயிற்று, ஆணையிட்டவர் யாருமில்லை. ஆணையிட்டு மாற்றியதும் உண்டு: 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையைத் திருத்தி 2020 சூனில் வெளிவந்த அரசாணை, நகைப்புக்கு ஆளாகிச் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது.

கேட்டறிய வேண்டிய பெயர்களோ காட்டில் நிறைந்துள்ளன. தேனெடுக்கும் பளியர், ஓடைக்கும் பாறைக்கும் தனித்தனிப் பெயர் அறிந்தவர். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதை இன்றும் உண்டு. அதன் வளைவும் இளைப்பாறுமிடமும் சுமைதூக்கி நடந்த முதியோர்க்கே தெரியும். முதற்குழு அப்பாதையிலேயே தொடங்கட்டும். கும்பக்கரையில் காலையில் புறப்பட்டு, வெள்ளகவியில் தங்கி, அவ்வூர் முதியவரை முன்னே நடக்கவிட்டு ஏறுக.