கடல் கடக்குமுன் கணக்கை நேராக்குங்கள்

(முலுண்டில் நமது சங்கக் கிளையின் ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வேயில் எழுத்தர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். வங்கிச் சட்டம் கற்றவனல்ல. ஆனால் முலுண்டிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிற தம்பிமார்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கை பழகியவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம் தகப்பன்மார் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தார்கள். மாதம் பிறந்தால் தபாலாபீசில் வரிசை நின்று ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். இன்று நம் பிள்ளைகள் மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போகிறார்கள். ஆள் எல்லை தாண்டினால் வங்கிக் கணக்கின் வகையும் மாறவேண்டும் என்பது சட்டம். ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வழி சொல்லப் பத்துப்பேர் வருகிறார்கள். இதைச் சொல்ல ஒருவரும் வருவதில்லை.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் தங்கையின் கணவர் 2008-இல் மஸ்கட் போனார். சம்பளத்தை ஊரில் தன் அண்ணன் கணக்குக்கு அனுப்பினார். அண்ணன் நாணயமானவர், ஒரு காசு தொட்டதில்லை. ஆனாலும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் மருந்துக்கும் என் தங்கை அவர் திண்ணையில் போய் நிற்கவேண்டும். ஆறாம் ஆண்டு அண்ணன் மாரடைப்பில் இறந்துபோனார். கணக்கில் நியமனதாரர் பெயர் இல்லை. பணத்துக்கு அவருடைய வாரிசுகள் உரிமையாளர் ஆனார்கள். வெயிலில் உழைத்தவர் தன் பணத்துக்காக அண்ணன் பிள்ளைகளின் கையெழுத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தார். பாதிதான் வந்தது. உறவு வரவில்லை. நான் ரயில்வேயில் இருந்தும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குற்றம் என்மேல்தான்.

ஆகவே செய்யவேண்டியதைக் கேளுங்கள்.

முதலாவது, வேலைக்காக வெளிநாடு போகிறவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வங்கியில் சொல்லி, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். வீட்டு வாடகை, நிலத்துக் குத்தகை என்று இங்கே வருகிற பணம் அதில் சேரும். அதன் வட்டிக்கு வரி பிடிப்பார்கள்.

இரண்டாவது, அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு. இதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இங்கே கிடைத்த ரூபாயைச் சாதாரணமாக இதில் போட முடியாது.

மூன்றாவது, மனைவி பெயரில் தனிக்கணக்கு. மாதச் செலவுக்கு நேரே அதற்குப் பணம் போகட்டும். எல்லாக் கணக்கிலும் நியமனதாரர் பெயர் எழுதுங்கள்.

நான்காவது, ஓ.டி.பி. வருகிற கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். ஊர் எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் எந்த ஏஜெண்டிடமும் கொடுக்காதீர்கள்.

"உண்டியல்காரன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறானே, ரேட்டும் கூட வருகிறதே" என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அது சட்டவிரோதம். அவன் ஓடிவிட்டால் எந்த ரசீதைக் காட்டுவீர்கள்? வீடு கட்டக் கடன் கேட்டால் எந்தக் கணக்கைக் காட்டுவீர்கள்?

முழுப்பணத்தையும் அங்கேயே வைப்பதும் ஆபத்து. 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை விமானத்தில் மீட்டு வரவேண்டியதாயிற்று. பல வருடச் சேமிப்பை விட்டுவிட்டு, மாற்றுத்துணியோடு வந்து இதே பம்பாயில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இங்கேயும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். பக்கத்து பாண்டுப்பில் தலைமையகம் வைத்திருந்த பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. கிளை வாசலில் நின்று அழுதவர்களை இந்த வட்டாரம் பார்த்தது. அப்போது வைப்புத்தொகைக் காப்புறுதி 1 லட்சம். 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக்கினார்கள். ஒரு வங்கியில் அந்த அளவுக்குள் வைப்பதே புத்திசாலித்தனம்.

தோழர்களே, உழைப்பை விற்கத்தான் நாம் கடல் கடக்கிறோம். அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது என்பதையாவது நாம் தீர்மானிக்க வேண்டாமா? வங்கிப் படிவம் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழில் இல்லை. அதனால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஞாயிறு காலையில் சங்க அறையில் இருப்பேன். பாஸ்போர்ட், விசா, பான் அட்டை, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் நகல் எடுத்து வாருங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வாருங்கள். முதல் படிவம் அவர்களுக்குத்தான்.